ஆளுக்கொரு பை

அவள் காற்றுப் பம்பைப் பைக்குள் வைத்தாள். சரியில்லையென்று வெளியே எடுத்தாள். மறுபடியும் அடியில், முதல் பொருளாக வைத்தாள்.

கூடத்துத் தரை முழுக்க இரும்பும் ரப்பருமாகக் கிடந்தது. டயர் கழற்றும் லீவர் மூன்று. ஸ்பேனர்கள். பஞ்சர் ஒட்டும் பேட்ச். கிளட்ச் கேபிள். புது ட்யூப் இரண்டு.

எதிரே நாற்காலி நுனியில் ததேயுஸ் உட்கார்ந்திருந்தான். கொழுந்தன். நாளைக் காலையில் நாகர்கோவிலிலிருந்து ஹம்பி வரைக்கும் தனியாகப் பைக்கில் போகிறான். போன வாரம் வந்து, அண்ணனோட டூல் பையை எடுத்துக்கிடட்டா மைனி என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நானே கட்டித் தாரேன் என்று சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, ஜெரோம் போன இந்த எட்டு மாதத்தில் அந்தப் பையை அவள் தொட்டது ஒரே ஒரு தடவைதான்.

ஜெரோமுக்கும் அவளுக்கும் ஆளுக்கொரு வண்டி. பதினோரு வருஷம் சேர்ந்தே சுற்றினார்கள். கனத்தைப் பங்கு பிரித்தது அவள்தான். இரும்பும் ட்யூபும் அவர் பையில். பம்பும் கேபிளும் அவள் பையில். அவர் டயரைக் கழற்றி மாட்டுவார், அவள் காற்றடிப்பாள். "போதும் தாயே, வெடிச்சிரும்" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே நக்கல்தான். அவளும் ஒவ்வொரு தடவையும் சிரித்துத் தொலைப்பாள்.

போன மே மாதம் ஒரு சண்டை.

பெரிய சண்டைகூட இல்லை. அவள் தங்கச்சி மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதல் நற்கருணை. அதே ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அவர் கடப்பா பக்கம் போக லீவு போட்டிருந்தார். "நீங்க போங்க, என்னைய விட்ருங்க" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். விடியற்காலையில் வண்டிச் சத்தம் கேட்டது. முழித்துத்தான் கிடந்தாள். எழுந்து போகவில்லை.

ஆணியில் இரண்டு பையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அவர் பழக்கத்தில் தன் பையை மட்டும் எடுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கடப்பாவைத் தாண்டி, ஆளரவமில்லாத ரோட்டில், உச்சி வெயிலில் முன் டயர் பஞ்சர். நான்கு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளியிருக்கிறார். அதற்கு மேல் நெஞ்சு தாங்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் அதையே கேட்டார்கள். ட்யூப் இருந்ததே, லீவர் இருந்ததே, கைவேலை தெரிந்த மனுஷன், எதுக்குத் தள்ளிக்கொண்டு போனார்?

காரணம் அவளுக்குத் தெரியும்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பை வந்த அன்றைக்கே திறந்து பார்த்திருந்தாள். லீவரில் மண். புது ட்யூபின் அட்டைப்பெட்டி காலி. கழற்றிய பழைய ட்யூபைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். புதுசை மாட்டி, டயரை ஏற்றி, எல்லாம் முடித்துவிட்டுத்தான் காற்றடிக்கத் திரும்பியிருக்கிறார்.

அடப்பாவி மனுஷா. திரும்பிப் பார்த்த இடத்தில் நான் இல்லையே.

என்னவெல்லாம் திட்டியிருப்பார்? திட்டிக்கொண்டே தள்ளினாரா, திட்டிக்கொண்டே விழுந்தாரா? அந்த நினைப்புதான் அவளைத் தின்றது. போய்க் கேட்க ஆளில்லை.

ததேயுஸ் குனிந்து பம்பைத் தொட்டுப் பார்த்தான்.

"இது அண்ணன் பையில உள்ளதா மைனி?"

"இல்ல. எம் பையில உள்ளது. அன்னைக்கு இங்கதான் தொங்கிட்டுக் கிடந்துச்சு."

சொல்லிவிட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக. கொஞ்ச நேரம் ஸ்பேனர்களை அடுக்குவதுபோல் பாவனை செய்தாள்.

அவன் திடுக்கிடவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் மைனி. அண்ணன் எனக்குப் போன் பண்ணினாரு."

அவள் நிமிர்ந்தாள்.

"திட்டினாரா?"

"இல்ல மைனி. சிரிச்சாரு. ஒன் மைனி வந்திருந்தா இன்னேரம் சாயா குடிச்சிட்டு இருந்திருப்பேன் மக்கான்னாரு."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கத்தன்றைக்குக்கூட இப்படி அழுகை வரவில்லை. கிரீஸ் படிந்த விரல்களோடு, தரையில் உட்கார்ந்தபடியே அழுதாள்.

அவன் இன்னும் முடிக்கவில்லை.

"ஒரு மரத்தடியில இருக்கேன், ஏதாச்சும் லாரி வரட்டும்னுதான் சொன்னாரு. நான்தான் மேப்பப் பாத்தேன். ரெண்டு கிலோமீட்டர்ல கடை இருக்கு, தள்ளிட்டுப் போங்கன்னு நான்தான் சொன்னேன் மைனி. அந்தக் கடை பூட்டிக் கிடந்திருக்கு. அதுக்கு மேலயும் தள்ளியிருக்காரு."

நாற்பத்தொரு வயது ஆள், சட்டை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான்.

ஒன் தப்பு இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதைச் சொன்னால் தனக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அதற்கு மனசு ஒப்பவில்லை. அவன் மேல் கோபமாவது வருமா என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை.

மிச்சச் சாமானை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இரண்டு பையில் இருந்ததும் ஒரே பைக்குள். ஜிப்பைச் சிரமப்பட்டு இழுத்து மூடினாள். தூக்கிக்கொண்டு போய் அவன் மடியில் வைத்தாள்.

"எங்கயாவது வண்டி நின்னுட்டா தள்ளாதே" என்றாள். "அது அங்கயே கிடக்கட்டும். நீ வந்திரு."