நீலம் குறைந்த ஒளி

ஆயிரத்து நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் காமாக்கதிர் வெடிப்பாய் மாண்ட ஒரு விண்மீனின் பின்னொளி, அதாவது வெடிப்புக்குப்பின் எஞ்சி மங்கிவரும் ஒளி, மலையுச்சித் தொலைநோக்கியில் எதிர்பார்த்ததைவிடச் சிவந்து பதிவாகியிருந்தது. நீலத்தின் பெரும்பகுதியைக் காணவில்லை. "கண்ணாடியில தூசி படிஞ்சிருக்கும். செங்கோடன் சரியாக் கழுவுறாரான்னு பாருங்க" என்று இயக்குநர் காலையிலேயே ஆய்வாளர் நளாயினியிடம் தொலைபேசியில் கூறிவிட்டார். இருபத்தாறு ஆண்டுகளாக அக்கண்ணாடியைக் கழுவிவரும் செங்கோடன் அருகில்தான் நின்றிருந்தார்.

"என் கண்ணாடியில தூசின்னா, நாளையிலேருந்து நான் இந்த மலை ஏறல மேடம்."

நளாயினி அதே படத்தில் பின்னொளிக்கு அருகிலிருந்த ஒரு சாதாரண விண்மீனை அளந்தார். அதே கண்ணாடியில் விழுந்தும் அதன் நீலம் பழைய பட்டியலில் உள்ளபடியே, இம்மியும் குறையாமல் இருந்தது.

"உங்க கண்ணாடி சுத்தம்ணே. தூசி அங்க இருக்கு, அந்த நட்சத்திரம் செத்த இடத்துல. நீலத்தை முழுங்கிட்டு, சிவப்பைத்தான் கொஞ்சம் விட்டிருக்கு."

"அதை யாரு கழுவுறது?"

"கணக்குலதான் கழுவணும்."

தூசி விழுங்கிய ஒளியைக் கணக்கிட்டு நளாயினி திரும்பச் சேர்த்தபொழுது, திரையிலிருந்த கோடு மேலேறிக்கொண்டே சென்று விளிம்பைத் தொட்டது. வந்து சேர்ந்திருந்தது நாற்பதில் ஒரு பங்கே.

செங்கோடன் நெடுநேரம் அதனை நோக்கினார். "அம்புட்டுத் தூசியில பூந்து, இம்புட்டுத் தூரம் நடந்து, என் கண்ணாடிக்கு வந்திருக்கு" என்றார். பின்னர், திரையைத் துடைக்கப் பழக்கத்தால் நீட்டிய துணியைப் பாதியிலேயே நிறுத்தி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.