ஜீன்ஸும் ஏழுகல் தோடும்

ஹெல்மெட்டைக் கழற்றும்போது இடது தோடு சிக்கிக்கொண்டது.

பதறாமல் விடுவித்தாள். சாம்பல் நிற டி-ஷர்ட், வெளுத்துப்போன ஜீன்ஸ், காலில் ரப்பர் செருப்பு.

காதில் நாலு தலைமுறை வைரம்.

அந்த வீட்டின் மூத்த மருமகள் போட்டுக்கொள்ள வேண்டிய ஏழுகல் தோடு. அவள் இப்போது மருமகள் இல்லை. போன வாரம் கோர்ட்டில் அது முடிந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். பையில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுவர பயம். காதிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

கணவனைத் திருப்பிக் கொடுத்ததில் அவளுக்கு எள்ளளவும் வருத்தமில்லை.

இந்த மாமியாரையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் வருத்தம்.

நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாமியார் கோமதியம்மாள் கதவைத் திறந்தாள். மாமனார் காலத்து ஈட்டிமர மேசையருகே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கல்யாணமான புதிதில் இதே தோட்டை ஜீன்ஸுக்குப் போட்டபோது சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள்.

"வைரம் என்ன, சேலையப் பாத்தா மின்னுது?"

ஒரே கேள்வியில் எல்லோர் வாயையும் அடைத்தவள் கோமதியம்மாள். பின்னால், மகன் கை நீட்டிய அன்று, அவனை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டவளும் அவள்தான்.

இதற்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.

சொன்னது வேறு.

"கழத்துங்க அத்தை."

மாமியாரின் விரல்கள் காதுக்குப் பின்னால் திருகாணியைப் பிடித்தன. பழைய திருகாணி. மெல்ல இளகியது.

"மாத்துத் தோடு எங்க?"

பையைத் துழாவினாள். சார்ஜர், தண்ணீர் பாட்டில், பல்லுடைந்த சீப்பு. எதை எடுத்துவர வேண்டுமோ அதை மறந்துவிட்டிருந்தாள்.

கோமதியம்மாளின் விரல்கள் மறுபடி காதுக்குப் போயின. திருகாணி மறுபடி இறுகுவது அவளுக்குக் காதில் தெரிந்தது. முன்பைவிட ஒரு சுற்று கூடுதலாக.

"மூளிக் காதோட ஒரு பிள்ளைய அனுப்ப மாட்டேன். வெள்ளிக்கெழம வா, கழத்திக்கிடலாம்."

"சரி அத்தை."

தெருமுனை வரை போனபிறகுதான் உறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கண்ணை நீர் மறைத்தது.

அந்த வீட்டில் ஆறு வருடம் இருந்தவள் அவள். வெள்ளிக்கிழமையன்று ஒரு குண்டுமணித் தங்கத்தைக்கூட யாரையும் கழற்ற விட்டதில்லை கோமதியம்மாள்.