தூங்கிய காவல்காரன்

சிவப்புத் துணி போர்த்திய மூன்று பேர் தன் மருந்துக்கடை வாசலில் வாடகைக் காரை விட்டு இறங்குவதைத் தவியா பார்த்துவிட்டாள். அம்போமாசே ஊர்க்காரர்கள் சிவப்பு போர்த்திக்கொண்டு குமாசி நகரம் வரைக்கும் வந்தால் ஒன்று சாவு, இல்லையென்றால் சண்டை.

"உன் புக்கைப் படிச்சுட்டாங்க போலிருக்கு," என்று கணவன் அக்கென்டென் கல்லாவுக்குப் பின்னால் பதுங்கினான். "நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், நிஜப் பேரைப் போடாதேன்னு."

தவியாவின் முதல் நாவல் 'அடங்கிய முரசு' வெளிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அம்போமாசே அரண்மனை முரசுக்காரனை யாரோ குத்திக் கொன்றார்கள்; யார் என்று இன்றுவரை தெரியாது. தவியா அந்தக் கொலையை ஒரு உப்பு வியாபாரி தலையில் கட்டிவிட்டாள். கடற்கரைக்காரன் அவ்வளவு தூரம் சண்டைக்கு வரமாட்டான் என்ற தைரியம்தான்.

அவனை உள்ளே நுழைய விடவேண்டுமே! அதற்காகக் காவல்காரன் ப்ரோபேக்கு ஒரு குடம் கள்ளை ஊற்றி, வாசலிலேயே குறட்டை விடவைத்தாள். ப்ரோபே நிஜமாகவே இருந்த ஆள். அந்த இடத்தில் மட்டும் அவள் புத்தி புல் மேயப் போயிருந்தது.

வாசகர்களும் அவளை லேசில் விடவில்லை. "முரசுக்காரன் சாகறதுக்குள்ள நாலு தடவை ஃபூஃபூ களி இடிச்சுட்டாங்கப்பா," என்று ரேடியோக்காரர் கொட்டாவி விட்டார். தேம்பித் தேம்பி அழுததாகச் சொன்ன சர்ச் பாடகி, எந்தப் பக்கத்தில் என்று கேட்டதும் பேச்சை மாற்றினாள். உப்பு விற்க வந்தவனுக்கு அரண்மனைப் பின்கட்டு வழி எப்படித் தெரியும் என்று ஒரு கல்லூரி வாத்தியார் மூன்று பக்கத்துக்குக் கடிதம் போட்டார். முதல் அத்தியாயத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸப்பில் மார்தட்டிய மனிதர் இன்னும் புத்தகத்தையே வாங்கவில்லை.

அதெல்லாம் போகட்டும். பதிப்பாளர் நேற்றுத்தான் போனில் சொல்லியிருந்தார். "ரெண்டாம் பதிப்பு போடலாம்னு இருக்கேன். ஆனா அந்த ஊர்லேருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும், கடையில இருக்கறதையும் சேர்த்துத் திருப்பி எடுத்துடுவேன்." மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஏழு வருஷம் கிறுக்கிக் கிறுக்கி எழுதிய நாவல். தவியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ரத்த அழுத்தம் பார்க்கும் நாற்காலியில் நானா அம்பொன்சா உட்கார்ந்தார். எண்பது தாண்டியவர், அந்த ஊர்ப் பெரியதனக்காரர். அப்படிப்பட்டவர் அடுத்தவரிடம் நேராக வாய் திறக்கமாட்டார். கோல் பிடித்த பேச்சாள்தான் அவருக்காகப் பேசுவார். மூன்றாவது ஆள் கையில் அவளுடைய நாவல். பேச்சாள் ஒரு சீமைச் சாராயப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஏய், தப்பு பண்ணவங்கதானே பாட்டில் கொண்டுபோய்க் கால்ல விழணும்?" என்று அக்கென்டென் கிசுகிசுத்தான். "இவங்களே கொண்டுவந்திருக்காங்க?"

"நீ ஒருத்தன்! போய்த் தண்ணி கொண்டாய்யா!"

வந்தவர்கள் தண்ணீர் குடித்து முடித்தார்கள். அதற்கப்புறம்தான் வந்த காரியத்தைக் கேட்கலாம். தவியா கேட்டாள்.

"வர்ற வழியில ஒரு சாவு, அதான் சிவப்பு," என்று பேச்சாள் ஆரம்பித்தார். "புத்தகம் பூராவும் வாசிக்கச் சொல்லி நானா கேட்டாரு. சமையல் எல்லாம் பிரமாதமாம். ஆனா நூத்திப் பன்னெண்டாம் பக்கம் வந்ததுலேருந்து அவரு சாப்பிடல."

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் குறட்டை.

"அந்த ப்ரோபே யாருன்னு நெனச்சேம்மா? நானாவோட அம்மாவுக்குத் தாய்மாமன். நாலு தலைமுறையா அரண்மனை வாசல்ல நின்ன குடும்பம். இன்னிக்குச் சந்தையில தக்காளி விக்கிறவ குறட்டை விட்டுக் காட்டுறா! பேரனுக்குப் பேசி முடிச்ச பொண்ணு வீட்டுல, தூங்குமூஞ்சிக் குடும்பம் வேணாம்னுட்டாங்க!"

தவியா கையெடுத்துக் கும்பிட்டாள். "என்னை மன்னிச்சுடுங்க நானா! கதைக்காகப் பண்ணிட்டேன். அபராதமா ஆடு வேணும்னாலும் தர்றேன். அடுத்த பதிப்புல அந்தப் பேரையே எடுத்துடறேன்."

நானா கோலைப் பிடுங்கித் தரையில் ஓங்கித் தட்டினார். இருமல் மருந்துப் புட்டிகள் குலுங்கின.

"பேரை எடுக்கக் கூடாதாம்!" என்று பதறினார் பேச்சாள். "பேரு இருக்கணும். தூக்கம்தான் இருக்கக் கூடாது."

"அவர் முழிச்சிருந்தா உப்பு வியாபாரி எப்படி நானா உள்ள போவான்?" தவியாவுக்குப் பயத்தை மீறி ரோஷம் வந்துவிட்டது. "என் கதையே கவுந்துடுமே!"

பேச்சாள் பதில் சொல்ல வாயெடுத்தார். நானா கையை உயர்த்தி அவரை அடக்கினார். சாராயப் பாட்டிலைத் தன் கையாலேயே தவியாவின் பக்கம் நகர்த்தி, முறையையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு நேராக அவளிடமே பேசினார்.

"வியாபாரி எவனும் உள்ள வரலம்மா. எங்க மாமன் அன்னிக்கு ராத்திரி பொட்டுக்கூடக் கண்ணை மூடல."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"முரசுக்காரனைக் கொன்னதே அவருதான்."