பத்து நிமிஷம்

கஸ்பாரின் பேக்கரியில் கேஸ் அடுப்பின் சிறுசுடர் பற்றும். குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைந்துவிடும். மாலைக் கல்யாணத்துக்கான முந்நூறு பன்களுக்கு மாவு தட்டுகளில் உப்பி நின்றது. வந்து பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் புது அடுப்பு வாங்கச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது மெக்கானிக்காக ஃபிலோமி வந்தபோது, பொறுமையிழந்த கஸ்பார் தீக்குச்சியை உரசப் போனார். கேஸ் வாடையை உணர்ந்த அவள் பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினாள். சிலிண்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டாள்.

“எல்லாரும் வெளிய போங்க. பத்து நிமிஷம் ஒரு சுவிட்சையும் தொடப்படாது.”

“மாவு புளிச்சிரும்மா!”

“மாவுதான போவும், அண்ணாச்சி.”

வெயிலில் நின்று முணுமுணுத்தவர், பக்கத்தில் நிற்பவர்களை அப்போதுதான் பார்த்தார். ஐந்து வேலையாட்கள். மனைவி ரோஸ்லின். அவள் தோளைப் பிடித்தபடி, நிறைமாத வயிற்றோடு மகள். எல்லாரையும் இன்னும் தள்ளித் தெருவோரத்துக்குக் கூட்டிப்போனார்.

வாடை போனதும் ஃபிலோமி உள்ளே சென்றாள். சுடரின் சூட்டை உணர வேண்டிய மெல்லிய கம்பியில் கரி அப்பியிருந்தது. அதைத் தேய்த்து, சுடருக்கு நேராக இறுக்கினாள். சிலிண்டரைத் திறந்து, குமிழை அழுத்திப் பற்றவைத்து, அரை நிமிடம் பொறுத்துக் கையை எடுத்தாள். சுடர் நின்றது.

கஸ்பார் கல்யாண வீட்டுக்குப் போன் செய்து இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கேட்டார். புது மாவு பிசையச் சொன்னார். பழைய மாவில் ஒரு தட்டை மட்டும் அடுப்புக்குள் வைத்தார். பன்கள் தட்டையாக வந்தன. ஒன்றைப் பிய்த்து அவளுக்குப் பாதி கொடுத்துவிட்டு, மீதியைத் தான் கடித்தார். நன்றாகவே புளித்திருந்தது.

“இதவிட நல்லா நான் சுட்டதேயில்லம்மா.”