நினைப்பில் அசைந்த கை

"வளையல் சத்தம் கேட்டா அவர் கவனம் சிதறும். கழட்டிட்டு உள்ள வாங்கம்மா" என்றார் டாக்டர் தமிழ்வாணி.

ரங்கநாயகி சிரித்தபடி வெறுங்கையை நீட்டிக் காட்டினாள். "செல்லூர்ல தறி ஓட்டுற கை டாக்டர். நூல்ல மாட்டும்னு கல்யாணமான மறுநாளே இவரு கழட்ட வச்சுட்டாரு."

அந்த 'இவரு' பத்ரிநாத், தலை நிறைய ஒயர்களோடு நாற்காலியில் இருந்தார். பக்கவாதத்தில் போன பேச்சு திரும்பிவிட்டது. வலது கைதான் சும்மா தொங்கியது. பையன்கள் இருவரும் எட்டிப் பார்ப்பதோடு சரி. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தறி ஓட்டுவது எல்லாம் அவள்தான்.

"மணிக்கட்டுல லேசா தட்டுவோம். அது மூளைக்குப் போறது திரையில அலையா தெரியும். கையை அசைச்சா அந்த அலை சின்னதாகும். அசைக்கிறதா ஆழமா நினைச்சாலும் அப்படித்தான். அலை குறைஞ்சா பயிற்சி குடுத்துப் பார்க்கலாம்."

"குறையலேன்னா?"

டாக்டர் திரைப் பக்கம் திரும்பினார்.

"விரலை மடக்குறதா நினைங்க சார்." அலை அப்படியே இருந்தது. "அறுந்த நூலை முடியிறதா நினைங்க." அதற்கும் குறையவில்லை.

ரங்கநாயகி கணவனின் காதருகே குனிந்து சௌராஷ்டிரத்தில் கெஞ்சினாள். அவர்களுக்குள் எதுவானாலும் அந்த மொழிதான். மனசுக்குள் மீனாட்சியைக் கும்பிட்டாள்.

"சரி, உங்க கைக்கு எது ரொம்பப் பிடிக்குமோ, அதை நினைங்க" என்றார் டாக்டர்.

பத்ரிநாத் கண்ணை மூடினார். முகம் கனிந்தது. அலை மளமளவென்று சிறுத்தது.

"நம்பிக்கை இருக்கும்மா!" டாக்டரே எழுந்துவிட்டார். ரங்கநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படி என்னதான் சார் நினைச்சீங்க?"

சந்தோஷத்தில் அவருக்கு வாய் நிற்கவில்லை. "கண்ணாடி வளையல் போட்டுவிட்டேன் டாக்டர். கையைக் குவிச்சுப் பிடிச்சு, நோகாம, ஒவ்வொண்ணா ஏத்தணும். வருஷா வருஷம் சித்திரைத் திருவிழாவுல வாங்கிப் போட்டுவிடுறதாச்சே, மறக்குமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் செத்தது.

ரங்கநாயகி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு, டாக்டருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே கேட்டாள்.

"யாரு கைங்க அது?"