இடது தோளில் இடி

இந்தக் காலத்து ஆக்களுக்கு டொக்டர் வாயைத் திறந்தால் போதும், அதுதான் வேதவாக்கு. முறிந்த தோள் பொருந்திவிட்டதாம், மகன் வினோஜன் இனி விளையாடலாமாம். அருளம்பலம் நம்பவில்லை.

ரொக்ஸ்பரோ மைதானத்தில் பயிற்சி ஆட்டம். பெயர்தான் கால்பந்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பறந்து வரும் பந்தைக் கையால் பிடித்து ஓடுவதே வினோஜனின் வேலை. அணியில் சேர்ந்த முதல் வருடம் பாதிக்குமேல் காயத்தோடு வீட்டில் கிடந்தவன். இன்று தேறாவிட்டால் அணியில் இடமில்லை.

தாவிப் பிடித்தான். எதிரே வந்த தடியன் ஒருவன் அவனுடைய இடது தோளிலேயே மோதி விழுத்தினான். எழுந்து மறுபடி பிடித்தான். மறுபடியும் அதே தோளில் இடி.

“பொடியனைக் கொல்லப்போறான், அண்ணை,” என்றார் பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத தமிழர்.

“சும்மா இரும். இன்னும் இடிக்கட்டும்.”

“உங்களுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையோ?”

அடுத்த இடியில் வினோஜனின் வாயால் இரத்தம் வழிந்தது. பந்தை மட்டும் அவன் விடவில்லை. பயிற்சியாளர் கைதட்டி, அவனை அணியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

இடித்த தடியன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அருளம்பலத்திடம் வந்தான். கண் கலங்கியிருந்தது.

“அப்பா, நீங்கள் சொன்ன மாதிரி முறிஞ்ச தோளிலைதான் இடிச்சனான். தம்பிக்கு ஒண்டும் ஆகேல்லை. இப்பவாவது நம்புறியளோ?”

அருளம்பலம் மூத்தவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பியெண்டு பார்த்து மெல்லமா இடிச்சிருப்பாய்,” என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.