சுவர்க் கடிகாரம்

"நல்லா இருக்கிற மனுஷனுக்கு எதுக்கு டாக்டர் மாத்திரையை மாத்தறீங்க?"

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது. அன்றுதான் முதன்முறையாக வந்திருந்த பெரியவர், பழைய மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி எதிரே சாதுவாக உட்கார்ந்திருந்தார். கேட்டது அவருக்குப் பின்னால் நின்ற பெண்.

"இது புதுசும்மா. பிரஷருக்கு நல்லா கேக்கும்."

"பிரஷர் சரியா இருக்குன்னு இப்பதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு நாலு மடங்கு விலையில புதுசு?"

"நான் டாக்டரா, நீ டாக்டரா?"

"நீங்கதான். ஆனா அந்தக் கடிகாரத்துல இருக்கிற பேரும் நீங்க எழுதற மாத்திரை பேரும் ஒண்ணா இருக்கே, அதான் கேட்டேன்."

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. கடிகாரம் மட்டுமா? பேனா, காலண்டர், பேப்பர் வெயிட் எல்லாவற்றிலும் அதே பேர்தான். போன வருஷம் குடும்பத்தோடு போய்வந்த கடற்கரை விடுதியில் நல்லவேளையாக எந்தப் பேரும் எழுதியிருக்கவில்லை.

"விடும்மா, டாக்டர் தப்பா எடுத்துக்கப் போறாரு" என்று பெரியவர் முனகினார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. டாக்டரை நம்பித்தானே வர்றோம்?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. படிப்பை முடித்து வந்த புதிதில், மருந்துக் கம்பெனிக்காரர் நீட்டிய பேனாவைக்கூட வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தவர் அவர். எப்போது மாறினோம் என்று அவருக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய மாத்திரையையே எழுதினார். ஃபீசும் வாங்கவில்லை.

அவர்கள் போனதும் நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினார். நர்ஸ் வாயைப் பிளந்தாள். அன்றிலிருந்து பிரஷர் என்று வந்தவர்களுக்கெல்லாம் பழைய மாத்திரைதான். வெகுநாள் கழித்து டாக்டர் நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த மாதம் ஒரு நாள், நோயாளிகள் எல்லாம் போன பிறகு அந்தப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தோளில் பெரிய தோல் பை.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "வாம்மா! அப்பா எப்படி இருக்காரு?"

"எங்க மேனேஜர்தானே டாக்டர்? ரொம்ப சந்தோஷமா இருக்காரு" என்றவள், பையிலிருந்து பழைய மாத்திரையின் பேர் போட்ட புதுக் கடிகாரத்தை எடுத்து, காலியாக இருந்த ஆணியில் மாட்டினாள்.